தலையில் மாட்டிக்கொண்டால் தியானம் கைகூடுமா?

கேள்வி: எனக்கு வயது 43. ஆறு வருடமாகத் தியானம் பழகுகிறேன். தினமும் காலையில் அரை மணி நேரம் மூச்சைக் கவனித்து உட்காருவேன். போன வருடம் பத்து நாள் மௌன முகாம் ஒன்றுக்குப் போனேன். முகாமின் பாதி நாட்கள் கடந்தபோது மனம் அப்படியே அடங்கிவிட்டது. அந்த நிம்மதியை அதற்கு முன் நான் அனுபவித்ததே இல்லை. திரும்பி வந்த பிறகு சில வாரம், எல்லாம் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நடக்கிற மாதிரி, நான் நானாக இல்லாத மாதிரி இருந்தது. பதற்றமும் சேர்ந்துகொண்டதால் டாக்டர் எஸ்சிட்டலோபிராம் எழுதிக் கொடுத்தார். இப்போது பரவாயில்லை. ஆனால் தியானத்தில் உட்கார்ந்தால் மனம் ஒரு நிமிடம்கூட நிற்பதில்லை. இதைக் கேட்டு என் தம்பி மூளையைத் தூண்டும் ஹெட்செட் ஒன்றை வாங்கி அனுப்பியிருக்கிறான். நெற்றியில் இரண்டு ஸ்பாஞ்ச் பட்டைகளை வைத்து இருபது நிமிடம் லேசாகக் கரண்ட் கொடுத்தால் ஆழ்ந்த தியான நிலை வரும் என்று அதில் போட்டிருக்கிறது. இது உண்மையா? ஆபத்து உண்டா? அப்படியே வந்தாலும் அது குறுக்கு வழிதானே?

- ஒரு வாசகி

பதில்: ஹெட்செட்டை இப்போதைக்குப் பெட்டியிலேயே வைத்திருங்கள் அம்மா. மூளைத் தூண்டல் என்றாலே ஏமாற்று வேலை என்று நினைத்து இதைச் சொல்லவில்லை. மனச்சோர்வு நோயாளிகளுக்குக் காந்தத் தூண்டல் சிகிச்சை கொடுக்கிற மனநல மருத்துவர் நான். தியானத்தையும் தூண்டலையும் சேர்த்து நடக்கிற ஆய்வுகளை ஆவலோடு படித்து வருகிறேன். ஆனால் நீங்கள் கேட்ட மூன்று கேள்விகளையும் விட, போகிற போக்கில் எழுதிய இரண்டு விஷயங்கள்தான் என் கண்ணில் பட்டன. முகாமுக்குப் பிறகு சில வாரம் நீடித்த அந்த அந்நிய உணர்வு ஒன்று, நீங்கள் சாப்பிடும் மாத்திரை இன்னொன்று. இவை இரண்டும் இல்லாத ஒருவருக்கு என் பதில் இவ்வளவு அழுத்தமாக இருந்திருக்காது.

முதலில் உங்கள் கையில் இருப்பது என்ன என்று பார்ப்போம். தியானத்துக்கென்று விற்கப்படும் தலைப்பட்டைகளில் பல, மூளையின் மின் அலைகளை அளந்து திரையிலோ ஒலியாகவோ காட்டுபவை. அவை மூளைக்குள் எதையும் அனுப்புவதில்லை. உங்களுடையது அந்த ரகம் இல்லை. ஸ்பாஞ்ச் வைத்துக் கரண்ட் விடுவது என்றால் அது டிடிசிஎஸ் எனப்படும் நேர்மின்னோட்டத் தூண்டல். வழக்கமாக 1 முதல் 2 மில்லி ஆம்பியர் வரை செலுத்துவார்கள். 2000-ஆம் ஆண்டில் ஜெர்மனியின் கோட்டிங்கன் நகரில் நிட்ஷே, பாலஸ் என்ற இரு ஆய்வாளர்கள் இவ்வளவு சின்ன மின்னோட்டமே, நிறுத்திய பிறகும் சில நிமிடங்களுக்கு மூளையின் இயக்கப் பகுதியை எளிதில் தூண்டப்படும் நிலையில் வைத்திருக்கிறது என்று காட்டினார்கள். இந்தத் துறை சூடு பிடித்தது அதற்குப் பிறகுதான். நான் சிகிச்சையில் பயன்படுத்தும் காந்தத் தூண்டலான டிஎம்எஸ் வேறு. அதில் வலுவான காந்தத் துடிப்பு மண்டையோட்டைத் தாண்டிப் போய் நரம்பு செல்களை நேரடியாகவே இயங்க வைக்கிறது. டிடிசிஎஸ் அந்த வேலையைச் செய்யாது. ஏற்கெனவே இயங்கிக்கொண்டிருக்கும் செல்களை இந்தப் பக்கமோ அந்தப் பக்கமோ கொஞ்சம் சாய்க்கும், அவ்வளவுதான்.

தியான ஆய்வில் இன்று உண்மையாகவே பரபரப்பை ஏற்படுத்தியிருப்பது மூன்றாவது வகை, குவிக்கப்பட்ட அல்ட்ராசவுண்ட். அரிசோனா பல்கலைக்கழகத்தில் ஜே சாங்குயினெட்டி என்ற நரம்பியல் ஆய்வாளரும், பல பத்தாண்டுகளாகத் தியானம் கற்பித்து வரும் ஷின்சென் யங்கும் சேர்ந்து இதில் இறங்கியிருக்கிறார்கள். ஏன் அல்ட்ராசவுண்ட் என்று நீங்கள் கேட்கலாம். அவர்கள் குறிவைக்கும் இடம் தலையின் பின்பாதியில், இரண்டு அரைக்கோளங்களும் சந்திக்கும் நடுக்கோட்டில், ஆழத்தில் இருக்கிறது. அதற்குப் போஸ்டீரியர் சிங்குலேட் என்று பெயர். நெற்றியில் வைத்த ஸ்பாஞ்சால் அந்த ஆழத்தைக் குறிபார்த்து எட்ட முடியாது. ஒலி அலைகளை மண்டையோட்டின் வழியாக ஒரு சின்னப் புள்ளியில் குவித்தால் எட்டலாம்.

அந்த இடத்துக்கு ஏன் இவ்வளவு மதிப்பு? நாம் வேலையில்லாமல் இருக்கும்போது மனம் தன் பாட்டுக்கு நேற்று நடந்ததையும் நாளை நடக்கப்போவதையும் பற்றிக் கதை ஓட்டும் அல்லவா, அப்போது மும்முரமாகும் பகுதிகளின் கூட்டத்துக்கு டீஃபால்ட் மோட் நெட்வொர்க் என்று பெயர். 2001-இல் மார்கஸ் ரைக்கிளும் அவருடைய குழுவினரும் இதை அறிமுகப்படுத்தினார்கள். போஸ்டீரியர் சிங்குலேட் அதன் முக்கியமான மையம். 2011-இல் ஜட்சன் ப்ரூவர் குழு வெளியிட்ட ஆய்வில், நீண்டகாலம் பழகியவர்கள் தியானிக்கும்போது இந்த வலையமைப்பின் முக்கியப் பகுதிகள் புதியவர்களுக்கு இருப்பதைவிட அடங்கியிருந்தன. அப்படியானால் அந்த மையத்தை வெளியிலிருந்து அடக்கினால் என்ன ஆகும் என்பது இயல்பாக வருகிற கேள்வி. 2024-இல் வெளியான அரிசோனா ஆய்வில் 30 பேர் பங்கேற்றார்கள். பாதிப் பேருக்கு உண்மைத் தூண்டல், மீதிப் பேருக்குத் தூண்டுவது போன்ற வெறும் பாவனை. சில நிமிடத் தூண்டலுக்குப் பிறகு எடுத்த எம்ஆர்ஐ படங்களில் இந்த வலையமைப்பின் நடுக்கோட்டுப் பகுதிகளுக்கு இடையிலான ஒத்திசைவு குறைந்திருந்தது. நேரம் போவதும், ‘நான்’ என்ற உணர்வும் வழக்கம்போல் இல்லை என்று உண்மைத் தூண்டல் பெற்றவர்கள் சொன்னார்கள்.

எனக்கு இது மகிழ்ச்சி தருகிற செய்தி. அதே சமயம் இது 30 பேரை வைத்துச் செய்த ஒரு முன்னோட்டம். ஒத்திசைவு குறைந்தது என்பதும் தியானம் வந்தது என்பதும் ஒன்றாகிவிடாது. மயக்க மருந்து கொடுத்தாலும் இதே வலையமைப்பின் பிணைப்பு தளரும். கடினமான கணக்கு ஒன்றைப் போடும்போதும் அதன் செயல்பாடு இறங்கும். ஸ்கேனில் ஒரே மாதிரி தெரிகிற நிலைகள் உள்ளே ஒரே மாதிரி இருக்க வேண்டும் என்று கட்டாயம் இல்லை.

எதிர்பார்ப்பு எவ்வளவு வேலை செய்யும் என்பதையும் இங்கே சொல்லியாக வேண்டும், ஏனென்றால் இந்தத் துறையின் பழைய பாடமே அதுதான். கனடாவில் மைக்கேல் பெர்சிங்கர் என்ற ஆய்வாளர் 1980-களில் ஒரு தலைக்கவசம் செய்தார். அதில் நெற்றியின் இரு ஓரங்களிலும் இருக்கும் பொட்டுப் பகுதிக்கு அருகே மிக மெல்லிய காந்தப்புலம் தருவார்கள். அதை மாட்டி இருட்டறையில் உட்கார்ந்த பலர், பக்கத்தில் யாரோ இருப்பதை உணர்ந்தோம் என்றார்கள். பத்திரிகைகள் அதைக் கடவுள் கவசம் என்றே அழைத்தன. 2005-இல் ஸ்வீடனில் பேர் கிரான்க்விஸ்டும் குழுவினரும் அதே சோதனையை, யாருக்குக் காந்தப்புலம் போகிறது என்று பங்கேற்பவருக்கும் தெரியாமல் சோதிப்பவருக்கும் தெரியாமல் நடத்திப் பார்த்தார்கள். காந்தப்புலம் இருந்ததா இல்லையா என்பதற்கும் அனுபவத்துக்கும் சம்பந்தமே இல்லை. யாருக்கு அனுபவம் வந்தது என்பதை நிர்ணயித்தது அவரவர் மனம் பிறர் சொல்லுக்கு எவ்வளவு இசையும் என்பதுதான். அந்த அனுபவங்கள் பொய் என்று நான் சொல்ல வரவில்லை. அவர்கள் உணர்ந்தது நிஜம், அதைக் கொடுத்தது இயந்திரம் இல்லை. டிடிசிஎஸ் ஹெட்செட்டைப் பற்றி வருகிற பாராட்டுகளைப் படிக்கும்போது இதை மனதில் வையுங்கள். இருபது நிமிடம் கண்ணை மூடி, எதுவும் செய்யாமல், ஏதோ நல்லது நடக்கப்போகிறது என்று காத்திருப்பதே பலரை அமைதிப்படுத்தும்.

சரி, வீட்டில் இதைப் பயன்படுத்தினால் நடைமுறையில் என்ன நடக்கும்? ஆய்வுக்கூடத்தில் பார்த்திருந்தால் எவ்வளவு மெனக்கெடுகிறார்கள் என்று தெரியும். மூக்கு தொடங்கும் பள்ளத்திலிருந்து பிடரியில் இருக்கும் எலும்பு முண்டு வரை டேப் வைத்து அளப்பார்கள். அப்புறம் ஒரு காதிலிருந்து மறு காதுக்கு அளப்பார்கள். அந்த அளவுகளைக் குறிப்பிட்ட விகிதங்களில் பிரித்துத்தான் புள்ளி வைப்பார்கள். முடியை விலக்கி, தோலைத் துடைத்து, உப்புக் கரைசலில் நனைத்த ஸ்பாஞ்சைப் பிழிந்து வைப்பார்கள். அதிகம் நனைந்திருந்தால் நீர் வழிந்து, கரண்ட் நினைத்த இடத்தை விட்டுப் பரவும். காய்ந்துபோனால் ஓரிடத்தில் குவிந்து தோலைச் சுடும். இருபது நிமிடத்தில் ஒரு ஓரம் காய்வது சாதாரணமாக நடக்கும், அதனால் பக்கத்திலேயே ஆள் இருப்பார். இவ்வளவும் சரியாகச் செய்தாலும் செலுத்தும் மின்னோட்டத்தின் பெரும்பகுதி தோலிலும் எலும்பிலுமே போய்விடுகிறது. இறந்தவர்களின் உடலில் அளந்து 2018-இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று அந்த இழப்பைச் சுமார் 75 சதவீதம் என்றது. மீதி உள்ளே போனாலும் ஒரு பகுதியோடு நிற்பதில்லை.

அரிப்பு, சுருக் சுருக்கென்ற குத்தல், தோல் சிவப்பது, தலைவலி இவையெல்லாம் வழக்கமான தொந்தரவுகள், சீக்கிரம் போய்விடும். ஆய்வுக்கூடத்தின் கட்டுப்பாட்டில் டிடிசிஎஸ் பெரும்பாலும் பாதுகாப்பானதாகவே இருந்திருக்கிறது, அதை மறைக்க விரும்பவில்லை. ஆனால் வீட்டில் யாரும் வலிப்பு வந்ததுண்டா, தலைக்குள் உலோகமோ கருவியோ வைத்திருக்கிறார்களா, மனம் மிதமிஞ்சி எழும்பும் பைபோலார் நோய் இருந்ததா என்று கேட்பதில்லை. ஒரு நாளைக்கு ஒருமுறை என்பதை மூன்று முறையாக்கினால் என்ன ஆகும் என்பதற்கும் அங்கே காவல் இல்லை. 2016-இல் இந்தத் துறையின் ஆய்வாளர்கள் பலர் கையெழுத்திட்டு, வீட்டில் தாமாகவே செய்துகொள்பவர்களுக்கு ஒரு திறந்த கடிதம் எழுதினார்கள். ஒரு திறன் கூடும்போது இன்னொன்று குறையலாம், ஒருவருக்கு ஏற்றுவது இன்னொருவருக்கு இறக்கலாம் என்பது அதில் அவர்கள் எடுத்துச் சொன்ன கவலைகளில் சேர்ந்தது.

உங்கள் மாத்திரை விஷயம் இங்கேதான் வருகிறது. எஸ்சிட்டலோபிராம், மூளை செல்களுக்கிடையே செய்தி கடத்தும் செரட்டோனின் என்ற வேதிப்பொருளைக் கூட்டும் மருந்து. அதன் நெருங்கிய உறவான சிட்டலோபிராமை ஆரோக்கியமானவர்களுக்குக் கொடுத்து, அப்புறம் டிடிசிஎஸ் செய்து பார்த்த ஆய்வை நிட்ஷே குழுவே 2009-இல் வெளியிட்டது. தூண்டும் திசையில் விட்ட மின்னோட்டத்தின் விளைவு கூடியது, நீண்ட நேரமும் நின்றது. அடக்க வேண்டிய திசையில் விட்டது, அடக்குவதற்குப் பதிலாகத் தூண்டத் தொடங்கியது. அதாவது, அமைதிப்படுத்த என்று எழுதியிருக்கும் ஒரு திட்டம் உங்கள் தலையில் எந்தப் பக்கம் வேலை செய்யும் என்று அந்தக் கருவிக்குத் தெரியாது. மனச்சோர்வு சிகிச்சையில்கூட இன்னும் தெளிவு இல்லை. இந்த வகை மருந்தோடு டிடிசிஎஸ்ஸையும் சேர்த்துக் கொடுத்த ஜெர்மானிய ஆய்வு 2023-இல் லான்செட் மருத்துவ இதழில் வந்தது. பாவனைத் தூண்டலைவிட மேலான பலன் அதில் தெரியவில்லை. அடுத்த வருடமே வீட்டில் வைத்து, மருத்துவக் கண்காணிப்போடு செய்த வேறொரு ஆய்வு நல்ல பலன் இருக்கிறது என்றது. இவ்வளவு பேர் சேர்ந்து ஆராயும் ஒரு நோயிலேயே நிலைமை இப்படி. ஆழ்ந்த தியானத்துக்கு இது உதவும் என்று பெட்டியில் அச்சடிக்கும் அளவுக்கு ஆதாரம் எங்கேயும் இல்லை.

அப்புறம் அந்த அந்நிய உணர்வு. இதை நீங்கள் பக்கவிளைவு மாதிரி ஒரு வரியில் எழுதிவிட்டீர்கள். தன்னிடமிருந்தும் உலகத்திடமிருந்தும் விலகி நிற்கிற இந்த உணர்வு மருத்துவத்தில் நன்கு தெரிந்த ஒன்று. தீவிரமான தியானப் பயிற்சிக்குப் பிறகும் வரக்கூடியது. அமெரிக்காவின் பிரவுன் பல்கலைக்கழகத்தில் வில்லபி பிரிட்டனும் அவருடைய சகாக்களும் தியானிகளையும் ஆசிரியர்களையும் பேட்டி கண்டு 2017-இல் வெளியிட்ட ஆய்வில் இப்படிப்பட்ட அனுபவங்கள் நிறையப் பதிவாகியிருக்கின்றன. பயம், தூக்கம் போவது, ‘நான்’ என்ற உணர்வு கலைவது எல்லாம் அதில் உண்டு. சிலருக்குச் சில நாளில் தீர்ந்தது, சிலருக்கு ஆண்டுக்கணக்கில் போனது. அனுபவசாலிகளும் அவர்களில் இருந்தார்கள். எனவே உங்களுக்கு வந்தது உங்கள் பலவீனமோ தவறான பயிற்சியோ ஆக வேண்டியதில்லை. மருத்துவரிடம் போனது மிகச் சரியான காரியம்.

இப்போது இரண்டையும் சேர்த்துப் பாருங்கள். தூண்டல் ஆய்வுகள் நல்ல பலனாகக் கொண்டாடுவது ‘நான்’ என்ற உணர்வு தளர்வதை. முகாமுக்குப் பிறகு உங்களைப் பயமுறுத்தியதும் அதே உணர்வு தளர்ந்ததுதான். தளர்வு ஒன்றே, அது நடந்த சூழலும் அதைத் தாங்கும் பக்குவமும்தான் வேறு. நீங்கள் மறுபடி தேடிப் போகிற ஆழ்ந்த அமைதியும், அதைத் தொடர்ந்து வந்த கலக்கமும் ஒரே கதவு வழியாக வந்திருக்கலாம் என்பது என் கருத்து. அந்தக் கதவை வெளியிலிருந்து ஒரு கருவியால் தள்ளித் திறக்க இது நேரமில்லை.

குறுக்கு வழியா என்று கேட்டிருக்கிறீர்கள். கருவி என்பதாலேயே அது மட்டம் என்று நான் நினைக்கவில்லை. கொஞ்ச நேரம்கூட உட்கார முடியாத அளவுக்கு மனம் கொதிக்கிற ஒருவருக்கு, அமைதி எப்படி இருக்கும் என்று ஒருமுறை தொட்டுக் காட்டினால், அவர் பயிற்சியை விடாமல் தொடரக்கூடும். அரிசோனாக்காரர்களின் நம்பிக்கையும் இந்தத் திசையில்தான். ஆனால் தியானத்தில் பழகுவது எது என்பதை 2012-இல் வெளியான வெண்டி ஹாசன்காம்ப் குழுவின் ஆய்வு அழகாகக் காட்டியது. தியானிகளை ஸ்கேனருக்குள் படுக்க வைத்து மூச்சைக் கவனிக்கச் சொன்னார்கள். மனம் எங்கோ போய்விட்டது என்று தெரிந்த நொடியில் ஒரு பொத்தானை அழுத்தி, திரும்ப மூச்சுக்கு வர வேண்டும். அப்போது நான்கு கட்டங்கள் பிரிந்து தெரிந்தன. மனம் அலையும்போது டீஃபால்ட் மோட் பகுதிகள், அலைந்ததைக் கண்டுகொள்ளும்போது முக்கியமானதைச் சுட்டும் வேறொரு வலையமைப்பு, கவனத்தைத் திருப்பும்போதும் நிலைநிறுத்தும்போதும் முன்மூளையின் பகுதிகள் என்று ஒவ்வொன்றுக்கும் தனித்தனி ஆட்கள் மூளையில் வேலை செய்கிறார்கள்.

நீங்கள் தோல்வி என்று எழுதியிருப்பது இதில் முதல் கட்டத்தை மட்டும். மனம் ஒரு நிமிடம் நிற்பதில்லை என்று உங்களுக்குத் தெரிகிறது என்றால், ஒரு நிமிடத்துக்கு ஒருமுறை நீங்கள் கண்டுகொள்கிறீர்கள். ஆறு வருடமாக நீங்கள் வளர்த்திருப்பது இந்த இரண்டாம் கட்டத்தைத்தான். புதிதாக உட்காருகிறவர் பத்து நிமிடம் அலைந்துவிட்டு, அலைந்ததே தெரியாமல் எழுந்து போவார். கருவி ஒன்று அலைச்சலை வெளியிலிருந்து குறைத்தால் அந்த அரை மணி நேரம் சுகமாக இருக்கும், ஆனால் கண்டுகொள்கிற வேலைக்கு அங்கே வாய்ப்பு குறைந்துபோகும். கரண்ட் நின்ற பிறகு உங்களிடம் மிஞ்சுவது எது என்பதே என் கவலை. இதற்கு நேர்மாறாக, தூண்டலும் பயிற்சியும் சேர்ந்தால் பயிற்சி வேகம் பிடிக்கும் என்று நாளை ஒரு நல்ல ஆய்வு காட்டினால் நான் முதலில் மகிழ்வேன்.

இப்போதைக்கு நீங்கள் செய்யக்கூடியவை என்று எனக்குத் தோன்றுவது இவை. அரை மணி நேரத்தைப் பத்துப் பதினைந்து நிமிடமாகக் குறையுங்கள். கண்ணைப் பாதி திறந்து வைத்து, மூச்சை நாசியில் நுணுக்கமாகப் பின்தொடர்வதற்குப் பதில், பாதம் தரையில் பதிவதையும் உடலின் எடையையும் கவனியுங்கள். நடந்துகொண்டே செய்தாலும் நல்லது. விலகல் உணர்வு வந்துபோனவர்களுக்கு நான் இதைத்தான் முதலில் சொல்கிறேன், உடலில் ஊன்றி நிற்பது அவர்களுக்குப் பிடிமானம் தருகிறது. தூக்கம் எப்படி இருக்கிறது என்று நீங்கள் எழுதவில்லை. தூக்கம் குறைந்திருந்தால் மனம் அலைவதற்கு வேறு காரணம் தேட வேண்டாம், முதலில் அதைச் சரிசெய்யுங்கள். நீண்ட முகாம்களை இந்த வருடம் தவிருங்கள். அடுத்த முறை போவதாக இருந்தால், போன முறை நடந்ததை ஆசிரியரிடம் சேர்வதற்கு முன்பே சொல்லிவிடுங்கள். அதைக் கேட்டு, ‘இதெல்லாம் முன்னேற்றத்தின் அறிகுறி, தாண்டிப் போங்கள்’ என்று மட்டும் சொல்லி அனுப்புகிறவரிடம் போக வேண்டாம்.

தியானம் நன்றாக வர வேண்டும் என்பதற்காக மாத்திரையை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். சட்டென்று நிறுத்தினால் தலைசுற்றலும் பதற்றமும் வரலாம், அது பழைய கலக்கம் திரும்பிவிட்டது போலவே தோன்றும். குறைக்க விருப்பம் இருந்தால் உங்கள் டாக்டரிடம் பேசிப் படிப்படியாகத்தான் செய்ய வேண்டும். ஹெட்செட் வாங்கியதையும், முகாமில் என்ன நடந்தது என்பதையும் அவரிடம் விவரமாகச் சொல்லுங்கள். பதற்றத்தை மட்டும் சொல்லி அந்நிய உணர்வைச் சொல்லாமல் விட்டிருந்தால் அவருக்குப் பாதிதான் தெரியும்.

பிற்காலத்தில் இதை முயல வேண்டும் என்ற ஆசை இருந்தால், நெறிமுறைக் குழுவின் ஒப்புதல் பெற்று நடக்கும் ஆய்வில் சேருவதுதான் சரியான வழி. அங்கே உங்கள் மருந்துகளையும் மனநல வரலாற்றையும் கேட்பார்கள், ஒருவேளை அதனாலேயே உங்களைச் சேர்க்க மறுப்பார்கள். மறுத்தால் வருத்தப்பட வேண்டாம், அவர்கள் ஒழுங்காக வேலை செய்கிறார்கள் என்று அர்த்தம். சேர்த்துக்கொண்டால், ஆய்வு முடிந்து இரண்டு வாரம் கழித்து எனக்குத் தொந்தரவு வந்தால் யாரைக் கூப்பிடுவது என்று கேளுங்கள். அதற்குப் பெயரும் எண்ணும் கொடுக்காத இடத்தில் கையெழுத்துப் போடாதீர்கள்.

அந்தக் கண்ணாடி உணர்வு மறுபடி வந்து இரண்டு மூன்று நாளைத் தாண்டினால், தியானத்தை முழுவதுமாக நிறுத்திவிட்டு டாக்டரைப் பாருங்கள். தூக்கமே தேவைப்படாமல் உற்சாகம் பொங்கினாலோ, மற்றவர்களுக்குக் கேட்காத குரல் கேட்டாலோ, வாழ வேண்டாம் என்ற எண்ணம் வந்தாலோ அன்றைக்கே போக வேண்டும், வீட்டில் ஒருவரைத் துணைக்கு அழைத்துக்கொண்டு.